மயிலை விழுங்கிய விதைச்சோளம்

அந்தக் காலத்தில், மாட்டுக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்தபோது, மாடுகள் எதையும் மென்று தின்றதில்லை. வாய்க்கு அத்தனை வேலை இருந்தது. புல்லைப் பிடுங்குவதும் விழுங்குவதும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அப்புறம் பேச்சுதான். எருமைகள் கேட்டால் பதில் சொல்லும், கோழிகள் சண்டைக்கு மட்டும் வாய் திறக்கும், ஆடுகளுக்கு எப்போதும் ஒரு புகார் இருக்கும். மாடுகள் மட்டும் யாரும் கேட்காமலேயே எல்லாவற்றையும் சொல்லும்.

அப்படிப் பேசிய மாடுகளில் பெரிய வாயாடி, மேட்டுக்காட்டு அங்காத்தாவின் மயிலை. அங்காத்தா கல்யாணமாகி வந்தபோது தாய்வீட்டுச் சீரோடு கூடவே நடந்து வந்த கிடாரி அது. வெள்ளையில் சாம்பல் ஓடிய நிறம், அதனால் மயிலை என்று பெயர். வருகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்ததாம். "பொண்ணு அழுகலாம்னா இந்த மாடு விடுதா பாரு" என்று மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்களாம்.

அங்காத்தாவின் புருஷன் செங்கோடனுக்கு மேட்டில் நாலு ஏக்கர் மானாவாரிக் காடு. வானம் பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வேடிக்கை. ஒரு பட்டியில் பத்துச் செம்மறி, வாசலில் நாலு கோழி, கட்டுத்தரையில் மயிலை. அவ்வளவுதான் சொத்து. ஆனாலும் வருஷம் அதன்பாட்டுக்கு ஓடியது. புரட்டாசியில் உழுது விதைப்பார்கள். மார்கழியில் கிளி விரட்டுவார்கள். தையில் கதிர் அறுத்து, காய்ந்த சோளத்தட்டை அறுத்து, மாசியில் வாசலோரம் போர் போடுவார்கள். அந்தப் போர்தான் அடுத்த மழை வரைக்கும் மயிலைக்குச் சாப்பாடு.

அந்த நாட்களில் பொழுது சாயும் நேரம்தான் அங்காத்தாவுக்குப் பிடித்த நேரம். ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டுப் பால் கறக்க உட்காருவாள். உட்கார்ந்ததும் மயிலை ஆரம்பிக்கும்.

"அம்மிணி, உங்கம்மா பயறு கடையறப்ப ஒண்ணு முனகுமே, ஞாபகம் இருக்குதா?"

"என்னது? பாட்டா?"

"பாட்டுன்னு ஒண்ணுமில்ல. ஒரே ராகம். மத்து சுத்தற வேகத்துக்கு ஏறும், எறங்கும். பயறு வெந்திருந்தா ராகம் நீளும். வேகாட்டி சட்டியத் திட்டும்."

"ஆமா, திட்டும்! எங்கய்யன் சாப்பிட உக்காந்திருப்பாரு. சட்டியத் திட்டறது தன்னையன்னு நெனச்சுட்டு எந்திருச்சுப் போயிருவாரு."

இரண்டு பேருமாகச் சிரிப்பார்கள். பால் நுரை சட்டியை விட்டு வழிவதுகூடத் தெரியாது. அங்காத்தாவின் அம்மா அவள் கல்யாணமான இரண்டாம் வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாள். அய்யன் அதற்கும் முன்பே போனவர். அண்ணன் காட்டைக் கைவிட்டு எங்கோ மலையோரம் போய்விட்டான். வீடு இருந்த இடத்தில் கள்ளி முளைத்துவிட்டது என்று வழிப்போக்கர் ஒருவர் சொன்னார். அதற்கப்புறம் அங்காத்தாவுக்குத் தாய்வீடு என்று இருந்ததெல்லாம் மயிலையின் வாயில்தான் இருந்தது. அவள் மறந்துபோனதையெல்லாம் அது வைத்திருந்தது. கிணற்றடியில் எந்தக் கல் ஆடும், எந்தக் கோழி யார் மடியில் முட்டையிடும் என்பது வரைக்கும் சொல்லும். அந்தச் சாயங்காலங்களில் அவளைப் போலச் சந்தோஷமாக இருந்தவள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாருமில்லை.

ஒரே ஒரு குறை. மயிலை அங்காத்தாவிடம் மட்டுமல்ல, எல்லாரிடமும் பேசும். ஒரு தடவை பரண்மேல் ஒரு பூசணிக்காயை ஒளித்து வைத்திருந்தாள். மேய்ச்சலில் மயிலை அதைப் பக்கத்துக் காட்டு ஆடுகளிடம் சொல்ல, ஆடுகள் தங்கள் வீட்டில் சொல்ல, மறுநாள் காலையில் அந்த வீட்டுப் பொங்கியம்மாள் சட்டியோடு வந்து நின்றாள்.

"பூசணிக்காய் இருக்குதாமே, பாதி குடேன்."

பாதி போனது. அன்றைக்குச் செங்கோடன் மயிலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"தாயே, எங்கூட்டு உலை கொதிக்கறதையாவது வெளிய சொல்லாம இரு."

"அவங்க கேட்டதுக்குத்தானே சொன்னேன்" என்றது மயிலை. யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

பிறகு இரண்டு வருஷம் மழை பொய்த்தது. முதல் வருஷம் சோளம் முழங்கால் உயரத்தில் காய்ந்தது. இரண்டாம் வருஷம் பொங்கியம்மாள் காட்டில் முளைக்கவே இல்லை. செங்கோடன் காட்டின் தாழ்ந்த மூலையில் மட்டும் கொஞ்சம் கதிர் பிடித்தது. அதில் நல்லதாக இருபது கதிரைப் பொறுக்கி, பனைநாரில் கட்டி, அடுத்த விதைப்புக்கென்று அங்காத்தா அடுப்புக்கு மேலே புகைபடத் தொங்கவிட்டாள். விதை அப்படித்தான் அந்தப் பக்கத்தில் வைப்பார்கள். புகை பட்டால் பூச்சி அண்டாது.

மூன்றாம் வருஷக் கோடையில் பட்டியில் நாலு ஆடுதான் மிஞ்சியது. ஊரில் பலர் விதையையும் குத்தித் தின்றுவிட்டார்கள். அங்காத்தாவின் இரண்டு வயது மகள் பூவாயி பசியில் அழுவாள், அழுதுகொண்டே மேலே தொங்குகிற கதிரைப் பார்ப்பாள். செங்கோடனும் பார்ப்பான். பார்த்துவிட்டு வெளியே போய்விடுவான். ஒரு நாள் மத்தியானம் பூவாயியின் அழுகை தாங்காமல் அங்காத்தா ஒரு கதிரை உருவிக் கசக்கிக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். மறுநாளும் கை மேலே போனது. கதிரைப் பிடித்த கையைப் பார்த்து அவளுக்கே பயம் வந்துவிட்டது.

இனி விதையைக் கண்ணுக்குப் படுகிற இடத்தில் வைக்கக் கூடாது என்று முடிவு செய்தாள். மீதிப் பத்தொன்பது கதிரையும் எடுத்துக்கொண்டு போய், தட்டுப் போரின் மேற்குப் பக்கத்தில், அடிவரிசையில், தட்டோடு தட்டாகச் சொருகினாள். பசிக்கிறவர்கள் யாரும் காய்ந்த தட்டுக்குள் கையை விடமாட்டார்கள். புருஷனிடம் சொல்லவில்லை. அவன் ஒன்று கேட்டால் கொடுத்துவிடுவாள். மயிலையிடம் சொல்லவே இல்லை. மயிலையிடம் சொன்னால் தண்டோரா போட்ட மாதிரி. செங்கோடன் ஒரு நாள் அண்ணாந்து பார்த்து, "கதிரெங்க?" என்றான். "பத்திரமா இருக்குது, போங்க" என்றாள். மயிலை எப்போதும் போரின் கிழக்குப் பக்கத்தில்தான் தின்னும், மேற்குப் பக்கத்துக்கு வர ஐப்பசியாகும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

ஆவணி முடிந்து புரட்டாசி பிறந்தது. ஆடுகளுக்கு இலை தழை தேடி அங்காத்தா பூவாயியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடைக்கரை வரை நடந்தாள். போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். தட்டு அள்ளிப் போட ஆளில்லாததால் மயிலையின் கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

"நீயே உருவித் தின்னுக்க. நாலு பிடிக்கு மேல தொடாத."

கிழக்குப் பக்கத்தில் வெயில் சுட்டது. மேற்குப் பக்கத்தில் வேப்பமர நிழல் விழுந்தது. மயிலை நிழலுக்குப் போனது.

அன்றைக்குச் சாயங்காலம் பால் கறக்க உட்கார்ந்தபோது, கறக்கவும் பெரிதாக ஒன்றும் இல்லை, மயிலை சொன்னது.

"அம்மிணி, இன்னைக்குத் தட்டு என்ன ருசி தெரியுமா!"

"ம்."

"மொரமொரன்னு இருந்துது. நான் பொறந்த வருஷத்துச் சோளம் மாதிரி."

"ம்."

அங்காத்தாவுக்கு இடுப்பு ஒடிந்துபோயிருந்தது. பேச்சைக் கேட்கிற தெம்பில்லை. மறுநாளும் மயிலை சொன்னது, அதற்கு மறுநாளும் சொன்னது. அவள் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் மழை வந்தது. சும்மா தூறல் இல்லை. ஓடை நிறைந்து பாதையில் தண்ணீர் ஓடுகிற மழை. செங்கோடன் வாசலில் நின்று நனைந்தான். பூவாயி கூரைத் தண்ணீரில் கையை நீட்டிக் கத்தினாள். மறுநாள் விடிந்ததும் அவன் பங்காளி வீட்டு ஏரை இரவல் வாங்கிவந்து நாலு ஏக்கரையும் ஓட்ட ஆரம்பித்தான். அடுத்த நாள் வெயில் ஏறுவதற்குள் உழவு முடிந்தது. மானாவாரி ஈரம் நாலைந்து நாள்தான் நிற்கும். அதற்குள் விதை மண்ணுக்குள் போகவேண்டும்.

"அங்காத்தா, விதையக் கொண்டா!" என்று காட்டிலிருந்து குரல் கொடுத்தான்.

அங்காத்தா போருக்கு ஓடினாள். மேற்குப் பக்கத்தில் போர் பாதிக்குமேல் கரைந்திருந்தது. கையை விட்டாள். தோள்வரை விட்டாள். தட்டைப் பிடுங்கி எறிந்து அடிவரை தேடினாள். பனைநார்க் கட்டு மட்டும் கையில் வந்தது.

மயிலை வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. "என்ன அம்மிணி தேடறே?"

"இங்க... கதிர் வெச்சிருந்தேன்."

"கதிரா? தட்டுத்தானே இருந்துது?" மயிலை கொஞ்சம் யோசித்தது. "மொரமொரன்னு இருந்துதே, அதா? நாந்தான் நாலு நாளா சொல்லீட்டே இருக்கறனே, ருசியா இருக்குது, ருசியா இருக்குதுன்னு."

உழுத காடு அங்கே நீராவி விட்டுக்கொண்டு கிடக்கிறது. பெய்யாத மழை பெய்திருக்கிறது. விதைக்க ஒரு மணி இல்லை. இந்த வருஷமும் போனால் பூவாயி தாங்கமாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். பிள்ளையைப் பெற்றவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? எத்தனை நாளாகச் சேர்த்து வைத்த பயமோ, அத்தனையும் வாயில் வந்தது.

"அது வாயா? ஊர்க் கதையெல்லாம் பேசத் தெரியுது, உள்ள போறது என்னன்னு பாக்கத் தெரியல! பேசிப் பேசியே எங்குடியக் கெடுத்துட்டயே! மூடு அந்த வாய. இனி உஞ்சத்தமே என்ற காதுல உழுகக் கூடாது!"

மயிலை ஏதோ சொல்ல வாயெடுத்தது. சொல்லவில்லை. பிறகு திரும்பி, உழுத காட்டை நோக்கி நடந்தது.

சத்தம் கேட்டு வந்த செங்கோடனிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் திட்டவில்லை.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல புள்ள?"

"சொன்னா நீங்க ஒரு கதிர் கேப்பீங்க. நானுங் குடுத்துருவேன்."

அது உண்மைதான். அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு விதை கேட்கக் கிளம்பினான். ஏழு வீட்டில் கேட்டான். எல்லா வீட்டிலும் உழுத காட்டை வைத்துக்கொண்டு ஆள்கள் இவனைப் போலவேதான் நின்றார்கள். துண்டு வெறுமையாகத் திரும்பி வந்தது.

மயிலை அன்றைக்குக் கட்டுத்தரைக்கு வரவில்லை. உழவுசால் வழியே ஒரு வரப்பிலிருந்து எதிர்வரப்புக்கு நடந்தது. திரும்பி அடுத்த சாலில் நடந்தது. மழைக்குத் துளிர்த்த புல் வரப்பெல்லாம் கிடந்தது, ஒரு வாய் தொடவில்லை. ரோஷத்தில் நடக்கிறது என்று அங்காத்தா நினைத்தாள். இரண்டாம் நாள் மனசு கேட்காமல் தண்ணீர்க் குடத்தோடு போனாள்.

"கோவத்துல சொல்லிப்போட்டேன் மயிலை. ஊட்டுக்கு வா."

மயிலை நின்றது. தண்ணீரைக் குடித்தது. பதில் சொல்லவில்லை. அப்போதுதான் அங்காத்தா அதைப் பார்த்தாள். மயிலையின் கழுத்துக்குள் அடியிலிருந்து ஒரு உருண்டை மெல்ல ஏறி வாய்க்கு வந்தது. தின்ன எதுவுமில்லாத வாய் அசைந்தது. இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம், அவசரமே இல்லாமல், அரைக்கண் மூடி, எதையோ நாக்கால் துழாவுகிற மாதிரி. துழாவித் துழாவி, உதட்டோரத்தில் எதையோ சாலில் உதிர்த்தது. பிறகு அந்த உருண்டை இறங்கி இன்னொன்று ஏறியது. சீக்கு கண்டுவிட்டதோ என்று பயந்துபோனாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். மயிலை அசையாமல் அழவிட்டது. அவள் விட்டதும் மறுபடி நடந்தது.

அன்று சாயங்காலம் வெறும் கட்டுத்தரையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, "ருசியா இருக்குது" என்று அது சொன்னதும், தான் "ம்" போட்டதும் அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தன. முதல் நாளே நிமிர்ந்து என்ன என்று கேட்டிருந்தால் பாதிக் கதிராவது மிஞ்சியிருக்கும். சொன்ன வாயை மூடச் சொல்லிவிட்டோம், கேட்காத காதை யார் என்ன செய்வது என்று நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மயிலை நாலு நாள் நடந்தது. நாலு ஏக்கரில் அது மிதிக்காத சால் இல்லை. ஐந்தாம் நாள் தானாகக் கட்டுத்தரைக்கு வந்து படுத்தது. அதற்கடுத்த நாள் செங்கோடன் சும்மா கிடக்கிற காட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனவன், அங்கிருந்தே கத்தினான். பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து அங்காத்தா ஓடினாள்.

சால்களில் அங்கங்கே ஒற்றை ஒற்றையாகப் பச்சை முளைத்திருந்தது. அதுகூடப் பெரிதில்லை. சால் நெடுக மயிலை போட்ட சாணி கிடந்ததே, ஒவ்வொரு சாணியிலிருந்தும் கொத்துக் கொத்தாகச் சோளம் முளைத்து நின்றது. மெல்லாமல் விழுங்கிய கதிர் அல்லவா! பேசுகிற அவசரத்தில் மயிலை ஒரு மணியைக்கூடக் கடிக்கவில்லை. முன்வழியாகத் திருப்பிக் கொடுக்க முடிந்ததைத் துழாவிக் கொடுத்தது. மீதியைப் பின்வழியாகக் கொடுத்தது. எந்த வழியில் வந்தால் என்ன, விதை விதைதான்.

அன்றிலிருந்து நாலு நாள் இருவரும் காட்டைவிட்டு வரவில்லை. நல்ல வேளையாகத் தூறல் விடாமல் பிடித்தது. கொத்தைப் பிரித்து, ஒவ்வொரு நாற்றாக வேர் அறாமல் எடுத்து, ஒரு முழத்துக்கு ஒன்றாகச் சாலில் விரலால் குத்தி நட்டார்கள். சோளத்தை யாராவது நடுவார்களா என்று வரப்பில் நின்று சிரித்த பொங்கியம்மாள், கொஞ்ச நேரத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் இறங்கினாள். காடு நிறையவில்லை. ஒன்றரை ஏக்கர் வந்தது. அந்த ஒன்றரை ஏக்கர் தையில் கதிர் கனத்துத் தலை சாய்ந்து நின்றதை அந்த ஊரே வந்து பார்த்தது. வந்தவர்கள் ஆளுக்குப் பத்துக் கதிர் விதைக்கு வாங்கிப் போனார்கள். பூவாயி கூழ் குடித்து வயிறு முன்னால் தள்ள வாசலில் ஓடினாள்.

முதல் அறுப்பில் முற்றின ஒரு கதிரை எடுத்துக்கொண்டு அங்காத்தா கட்டுத்தரைக்குப் போனாள். மயிலையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"எங்குடியக் கெடுத்தேன்னு சொன்னேன். எங்குடியக் காப்பாத்துனதே நீதான். தப்பு எம்பேருல. அந்தப் பேச்ச மறந்துரு தாயே. ஒரு வார்த்த பேசு. திட்டவாவது திட்டு."

மயிலை கதிரை வாங்கி விழுங்கியது. கால்களை மடித்துப் படுத்தது. கொஞ்ச நேரத்தில் அந்த உருண்டை கழுத்தில் ஏறி வந்தது. அரைக்கண் மூடி, மணி மணியாகப் பார்த்துப் பார்த்து மென்றது. காதுகள் மட்டும் அங்காத்தா பக்கம் திரும்பியிருந்தன. பேசக்கூடாது என்று இருந்ததா, வாய்க்குப் புது வேலை வந்ததில் பேச்சே மறந்துவிட்டதா, அங்காத்தாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. எத்தனை நாள் கேட்டிருப்பாள்! அது கண்ணைத் திறந்து அவளைப் பார்க்கும். அந்தப் பார்வையில் கோபம் மருந்துக்கும் கிடையாது. அதுதான் அவளுக்கு ரொம்ப வலித்தது.

மாசியில் மயிலை கன்று போட்டது. தாய் பேசிக் கேட்காத கன்றுக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? பசித்தபோது கூப்பிட ஒரே ஒரு சொல் அதற்குத் தானாக வந்தது. அதற்குமேல் கற்கவில்லை. தாயைப் பார்த்து அதுவும் படுத்து மென்றது. மேட்டுக்காட்டு விதையோடு மயிலையின் கன்றுகளும் ஊர் ஊராகப் போயின. அங்கிருந்த மாடுகள் கன்றுகளைப் பார்த்துப் பழகின. ஒவ்வொரு கட்டுத்தரையாகச் சத்தம் அடங்கியது.

சாயங்காலம் பால் கறக்க உட்கார்ந்தால் அங்காத்தாவுக்கு அந்த அமைதி பொறுக்காது. ஒரு நாள் அவளாகவே ஆரம்பித்தாள். பூவாயிக்குக் கடைவாய்ப்பல் முளைத்ததைச் சொன்னாள். ஏர்க்கயிற்றை எங்கோ வைத்துவிட்டு மூன்று நாளாகத் தேடுகிற செங்கோடனைப் பற்றிச் சொன்னாள். சொல்லிவிட்டு, பழைய பழக்கத்தில், பதிலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினாள். மயிலையின் வாய் நிதானமாக அசைந்தது. அவள் அடுத்ததைச் சொன்னாள்.

அன்று முதல்தான் மாடுகள் விழுங்கியதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து, யாருடைய விதையாவது உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து மெல்கின்றன. பால் கறக்க உட்காருகிறவர்களும், பதில் வராது என்று தெரிந்தே, மாட்டிடம் வீட்டுக் கதையெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.